வேலூரில் இருபது முகப் பகடை

'ஹாபி ஸ்டோர்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன். பொழுதுபோக்குக் கடை என்றால் டிவி விற்கிற கடை மாதிரி ஒலிக்கிறது. பொம்மைக்கடை என்றால் குழந்தைகளுக்கானது. கடை இருந்தால்தானே பெயர் இருக்கும்? ராணிப்பேட்டை, வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் இந்தத் தோல் பெல்ட்டில் நான் பார்த்து அப்படி ஒரு கடை இருந்ததில்லை. இந்தப் பதிவு அந்த இல்லாத கடையின் வரலாறு.

முதலில் அந்தக் கடையில் என்ன விற்பார்கள் என்று சொல்லிவிடுகிறேன். ரயில் மாடல், ஒட்டிச் செய்கிற விமானம், சின்னச் சின்ன போர்வீரர்கள், பெயின்ட், பலகை விளையாட்டுகள். இவற்றோடு டேபிள்டாப் ஆர்.பி.ஜி. என்கிற, ஆளுக்கொரு வேஷம் எடுத்து ஆடும் மேசை விளையாட்டுக்கான புத்தகங்களும் பகடைகளும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "குகை வாசல்ல நிக்கிறீங்க, உள்ளேர்ந்து புகை வருது, என்ன பண்றீங்க?" என்று அவர் கேட்பார். நீங்கள் சொல்வது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். பலகை இருக்கலாம், இல்லாமலும் ஆடலாம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க எனக்குக் கிடைத்த சுலபமான வழி: தெருக்கூத்துக் கட்டியங்காரனையும் தாயக்கட்டையையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தால் எப்படி இருக்கும்? வேஷக்காரரை நிறுத்தி "நீ யாரு, எங்கேர்ந்து வர்றே" என்று கேட்டுக் கதையை நகர்த்துகிற வேலை அவனுடையதுதானே. வடாற்காட்டில் திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்து பார்த்த யாருக்கும் இது உடனே புரியும். அதுக்காக இதுவும் நம்ம ஊர்லேர்ந்து போனதுதான்னு வாட்ஸப்ல போட்டுடாதீங்க. அப்படி இல்லை. இதன் வம்சாவளி வேறு.

1824ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய ராணுவ அதிகாரி, அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒரு போர் விளையாட்டுக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். அவர் அப்பா தொடங்கி வைத்ததை மகன் திருத்தி முடித்தார். வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்த வேண்டும். பகடை உண்டு, நடுவர் ஒருவர் உண்டு. அந்த நடுவர்தான் பிற்காலத்துக் கதை நடத்துனரின் கொள்ளுத் தாத்தா. 1913ல் எச்.ஜி. வெல்ஸ் (கால இயந்திரம் எழுதிய அதே வெல்ஸ்) பொம்மை சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு ஒரு விதிப் புத்தகம் எழுதினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒரு சின்னக் கூட்டத்தின் பைத்தியமாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவர் கேரி கைகாக்ஸ். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூர்க்காரர். சிகாகோவில் இன்சூரன்ஸ் வேலை பார்த்தார், 1970ல் வேலை போனது. அதன் பிறகு பிழைப்புக்கு அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? வீட்டின் நிலவறையில் உட்கார்ந்து செருப்பு, ஷூ தைத்துக் கொடுத்தார். டேவ் ஆர்னிசன் என்ற நண்பரோடு சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கியது அந்தக் காலத்தில்தான். ஆம்பூர்க்காரனாக இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வேறு யாருக்கும் விளக்க முடியாது.

1974 ஜனவரியில் வெளிவந்தது. ஒரு பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகம், விலை 10 டாலர், முதல் அச்சு 1,000 பிரதி. பெட்டியில் போட்டு ஒட்டியதெல்லாம் வீட்டிலேயே. ஆட்டத்துக்குத் தேவையான 4, 8, 12, 20 முகப் பகடைகளைச் செய்வதற்கு அப்போது யாரும் இல்லை. கலிஃபோர்னியாவில் பள்ளிகளுக்குக் கணிதச் சாதனங்கள் விற்கிற ஒரு கம்பெனியிடம் வாங்கி விற்றார்கள். விளம்பரத்துக்குக் காசு இல்லை. ரயில் மாடல், போர் விளையாட்டு விற்கிற ஹாபி கடைகள் வழியாகத்தான் இது பரவியது.

லண்டனில் நடந்தது இதைவிட சுவாரசியம். 1975ல் ஜான் பீக், இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன் என்ற மூன்று நண்பர்கள் தங்கள் குடியிருப்பிலேயே கேம்ஸ் வொர்க்ஷாப் என்று ஒரு தொழில் தொடங்கினார்கள். முதலில் செய்து விற்றது மரப் பலகைகள். அதில் ஒன்று மங்கலா, அதாவது நம் பல்லாங்குழியின் குடும்பம். அமெரிக்காவிலிருந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வரவழைத்தார்கள், முதல் ஆர்டர் 6 பெட்டி. ஆறு பெட்டியை நம்பி ஐரோப்பாவுக்கான விநியோக உரிமையையும் வாங்கினார்கள்! 1978ல் ஹேமர்ஸ்மித்தில் முதல் கடை. அந்தக் கம்பெனி இன்று லண்டன் பங்குச் சந்தையில் இருக்கிறது.

இந்த மாதிரிக் கடைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குப் பட்டது ஒன்று. கடைக்காரர் சரக்கை விற்றதோடு நிற்கவில்லை. பின்பக்கம் ஒரு மேசையும் போட்டார். சனிக்கிழமை மதியம் போனால் தெரியாத நாலு பேரோடு உட்கார்ந்து ஆடலாம். உன் வீடு எங்கே, உன் அப்பா யார் என்ற பேச்சு வராது. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் கீழே.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ஏன் வரவில்லை? 'காசு இல்லை' என்பது சோம்பேறி பதில். 1980களில் ஆம்பூரில் காசு இருந்தது, எல்லாரிடமும் இல்லை, ஆனால் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு முடிவு எடுத்தது. அதுவரை இந்தப் பக்கத்து டேனரிகள் பாதி பதப்படுத்திய தோலாகவே கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்தன. அதற்குக் கட்டுப்பாடு போட்டு, முழுதாக முடித்த தோலாகவும் பொருளாகவும் அனுப்புங்கள் என்றது. அதன் விளைவாகத்தான் டேனரி ஊர் மெல்ல மெல்ல ஷூ ஊரானது. அதே அரசு, அதே காலத்தில், வெளிநாட்டு நுகர்பொருள் உள்ளே வராதபடி உரிமச் சுவர் எழுப்பி வைத்திருந்தது. செய்து முடித்த பொருள் இங்கிருந்து போகலாம், அங்கிருந்து வரக்கூடாது.

பலர் 1991ல் இந்தச் சுவர் இடிந்தது என்று நினைக்கிறார்கள். எந்திரம், மூலப்பொருளுக்குச் சரி. நுகர்பொருளில் பெரும்பகுதிக்குக் கட்டுப்பாடு அப்படியே நின்றது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, இந்தியா 1999ல் தோற்ற பிறகே மிச்சம் இருந்தவை இரண்டு தவணையாக நீங்கின. 2000 ஏப்ரலில் 714 இனங்கள், 2001 ஏப்ரல் 1 அன்று கடைசி 715. ஆக, லண்டனில் முதல் கடை திறந்த 1978ல் வேலூரில் ஒருவர் அதே மாதிரிக் கடை வைக்க ஆசைப்பட்டிருந்தாலும் சரக்குக்கு வழி கிடையாது. ஒரு தலைமுறை தாண்டிவிட்டது.

சட்டத்தில் ஒரு சந்து இருந்தது: பயணியின் பெட்டி. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் ஷூ சாம்பிளோடு போனவர்கள் திரும்பி வரும்போது பெட்டியில் கொஞ்சம் இடம் இருக்கும். சாக்லேட், வாட்ச், சில சமயம் விளையாட்டுச் சாமான். 1993ல், நான் எட்டாம் வகுப்பு, என் வகுப்புத் தோழனுக்கு அவன் சாச்சா ஜெர்மனியிலிருந்து ஒரு பெரிய பெட்டி கொண்டுவந்தார். ஹீரோகுவெஸ்ட். 1989ல் மில்டன் பிராட்லி கம்பெனி, மேலே சொன்ன கேம்ஸ் வொர்க்ஷாப்போடு சேர்ந்து போட்டது. நாலு வீரர்கள், ஒரு கெட்ட மந்திரவாதி, பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள், குட்டிக் குட்டி மேசை நாற்காலி. சண்டைப் பகடையில் எண் கிடையாது. மூன்று முகத்தில் மண்டையோடு, இரண்டில் வெள்ளைக் கேடயம், ஒன்றில் கறுப்புக் கேடயம். விதிப் புத்தகம் முழுக்க ஜெர்மன். சாச்சாவுக்கு ஜெர்மனில் 'எவ்வளவு ஜோடி' என்பதும் 'டெலிவரி எப்போ' என்பதும்தான் தெரியும்.

நாங்களே விதி எழுதினோம். ஒரு நாற்பது பக்க நோட்டு. மண்டையோடு விழுந்தால் அடி, கேடயம் விழுந்தால் தப்பு, கறுப்புக் கேடயம் விழுந்தால் சண்டை. எங்களுக்குள்ள சண்டை, அது எதுக்குன்னு யாருக்கும் புரியல. ஆனாலும் அந்தக் கோடை விடுமுறை முழுக்க ஆடினோம். பெட்டி அவன் வீட்டை விட்டு வெளியே வராது. மந்திரவாதி எப்போதும் அவன்தான், பெட்டிக்காரன் அல்லவா. நான் வங்கி ஊழியர் மகன், உள்ளே போக முடிந்தது. எங்கள் வகுப்பிலேயே கதை சொல்வதில் கெட்டிக்காரன் இன்னொருவன், வாயைத் திறந்தால் மொத்த பெஞ்சும் கேட்கும். அவன் வரவில்லை. கூப்பிட்டோம், வரவில்லை. அவன் அப்பா வேலை பார்த்தது அந்த வீட்டுக்காரர்களின் தோல் ஷாப்பில், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிற வேலை. யாரும் அவனை வராதே என்று சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஹாபி கடையின் பின்பக்க மேசை பற்றி அழுத்திச் சொன்னது இதற்காகத்தான். சரக்கு பெட்டியில் வந்துவிடும், மேசை வராது.

பெட்டிக்கு அடுத்த வழி சென்னை. ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகளின் சென்னை முகவரி பெரியமேடு. சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரம். அந்த சென்ட்ரலுக்குப் பக்கத்தில்தான் 1900ல் திறந்த மூர் மார்க்கெட் இருந்தது. பழைய புத்தகம், கிராமபோன், பொம்மை, கப்பலில் வந்த சாமான் என்று எல்லாம் கிடைத்த இடம். தோல் வேலையாக வந்தவர்கள் ரயிலுக்கு நேரம் இருந்தால் அங்கே ஒரு சுற்று சுற்றாமல் போகமாட்டார்கள் என்று அப்பா சொல்வார். 1985 மே 30 அன்று எரிந்து போனது. நான் பார்த்ததெல்லாம் அதற்குப் பின்னால் அல்லிக்குளத்துப் பக்கம் மறுபடி முளைத்த பழைய புத்தகக் கடைகளை. இயன் லிவிங்ஸ்டனும் ஸ்டீவ் ஜாக்சனும் 1982ல் எழுதிய, தனியாளாகப் பகடை உருட்டிக்கொண்டே படிக்கிற கதைப் புத்தகம் ஒன்று, முன்னட்டை இல்லாமல், அங்கே எனக்குக் கிடைத்தது. அதை எழுதியவர்கள்தான் பல்லாங்குழிப் பலகை விற்ற ஆட்கள் என்பது இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

இன்னொரு முடிச்சு ராணிப்பேட்டையில் இருக்கிறது. மில்டன் பிராட்லியை 1984ல் வாங்கியது ஹாஸ்ப்ரோ. அதே ஹாஸ்ப்ரோ 1987ல் எம்.ஆர்.எஃப். குழுமத்தோடு சேர்ந்து இந்தியாவில் ஆரம்பித்ததுதான் ஃபன்ஸ்கூல். (எம்.ஆர்.எஃப்.பே 1946ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய கம்பெனி. டயருக்குப் போய்விட்டு நாற்பது வருடம் கழித்து மறுபடி பொம்மைக்கு வந்தார்கள்!) இறக்குமதிச் சுவர் இருந்த காலத்தில் மோனோபோலியும் ஜி.ஐ. ஜோவும் நமக்குக் கிடைத்தது இங்கேயே தயாரித்த ஃபன்ஸ்கூல் சரக்காகத்தான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ன ஆனது? அதன் கம்பெனி நொடிந்து, 1997ல் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் வாங்கியது. 1999ல் விசர்ட்ஸை ஹாஸ்ப்ரோ வாங்கியது. ஃபன்ஸ்கூல் பின்னாளில் ராணிப்பேட்டையில் ஆலை போட்டது, ஏற்றுமதியும் செய்கிறது. ஷூவைப் போலவே பொம்மையும் இந்தப் பாலாற்றங்கரையில் பெட்டி கட்டி வெளிநாடு போகிறது. ஆனால் அந்த ஆலைக்குப் பக்கத்து ஊர்ப் பையன் ஒரு இருபது முகப் பகடை வேண்டுமென்றால் ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

மேசையே இல்லாத ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. கேரம் கிளப் இருந்தது. தெருமுனையில் ஒரு கீற்றுக் கொட்டகை, பலகைக்கு நேர் மேலே தொங்கும் பல்பு, போரிக் பவுடர் வாசனை, ஆட்டத்துக்கு இவ்வளவு என்று காசு. காசு கொடுத்தால் யாரும் ஆடலாம். டேனரி ஷிஃப்ட் விட்டு வருகிறவர்களும் காலேஜ் பையன்களும் ஒரே பலகையில் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்து வீடியோ கேம் கடை. அதற்கடுத்து 2000க்குப் பிறகு பிரவுசிங் சென்டர், எட்டு கம்ப்யூட்டரைக் கோர்த்து இரவெல்லாம் கவுன்டர் ஸ்ட்ரைக். காட்பாடியில் வி.ஐ.டி. மாணவர்கள் மொய்த்த அந்தக் கடைகளையே எங்கள் ஊர் ஹாபி ஸ்டோர் என்று நான் கணக்கில் எடுத்துக்கொள்வேன். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வந்ததும் அவை ஒவ்வொன்றாக செல்போன் ரிப்பேர் கடையாயின. பெண்களுக்கு இந்த மூன்று இடத்திலும் இடமில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். அவர்கள் தாயம் ஆடியது திண்ணையிலும் நடைக்கூடத்திலும்.

சரி, இன்று வேலூரில் ஒரு ஆட்டத்துக்கு வேண்டியதை எல்லாம் கடைத்தெருவிலேயே வாங்க முடியுமா? போன மாதம் ஒரு சனிக்கிழமை இதற்காகவே லாங் பஜாரில் சுற்றினேன். கட்டம் போட்ட நோட்டு, கலர் பென்சில்: ஸ்டேஷனரி கடை, ஐந்து நிமிஷம். வீரர்கள், மிருகங்கள்: ஃபேன்சி ஸ்டோரில் பிளாஸ்டிக் பொம்மை பாக்கெட். டைனோசர்தான் அதிகம், டிராகன் என்று வைத்துக்கொள்ளலாம். சோழி: பூஜை சாமான் கடை. பரமபதப் படமும் அங்கேயே கிடைத்தது. வைகுண்ட ஏகாதசிக்கு வந்ததில் மிச்சம் என்றார்கள். இருபது முகப் பகடைதான் இல்லை. பள்ளிச் சாமான் விற்கிற கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கணிதப் பெட்டியை எடுத்துத் திறந்தார். கூம்பு, உருளை, பட்டகம். "இருவது மொகமா? அவ்ளோ மொகம் சிலபஸ்ல இல்ல சார்." 1974ல் கைகாக்ஸ் போனதும் இப்படி ஒரு கடைக்காரரிடம்தான் என்று அவரிடம் சொன்னேன், டீ வாங்கிக் கொடுத்தார்.

பாத்திரக்கடையில் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தேன். இங்கே என் தொழில் புத்தி வேலை செய்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் நாலு முகம்: வெறுமை, 1, 2, 3. இரண்டு கட்டை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் 3 விழ 4 வழி. 2க்கும் 4க்கும் தலா 3 வழி. தாயத்துக்கும் 5க்கும் தலா 2 வழி. 6க்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழுகிற 12க்கு ஒன்று. இருபது முகப் பகடையில் உச்ச எண் விழும் வாய்ப்பு 5 சதவீதம், தாயக்கட்டையில் பன்னிரண்டுக்கு 6.25. கிட்டத்தட்ட அதே அரிது. அதற்கு மேல் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்ற நம் விதி இருக்கிறதே, எட்டில் மூன்று பங்கு அது நடக்கும். ஆர்.பி.ஜி.க்காரர்கள் வெடிக்கும் பகடை என்று ஒரு உத்தி வைத்திருக்கிறார்கள், பெரிய எண் விழுந்தால் திரும்ப உருட்டிக் கூட்டிக்கொண்டே போவது. எங்க பாட்டிக்கு அதெல்லாம் தண்ணிபட்ட பாடு. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002ல் தொடங்கிய கிரீடா, இந்த மாதிரிப் பழைய ஆட்டங்களைத் திரும்பக் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இந்தக் கட்டைகளை வைத்துக் கதையாட்டம் ஆட முடியுமா என்பதுதான் என் கேள்வி. கணக்கு முடியும் என்கிறது.

விதிப் புத்தகம் ஒரு பிரச்சினையே இல்லை. 2023 ஜனவரியில், உரிமத்தை இறுக்கப் பார்த்து ஆட்டக்காரர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸில் விட்டுவிட்டார்கள். சுமார் 400 பக்கம். யாரும் இறக்கி, மாற்றி, மொழிபெயர்த்து, விற்கவும் செய்யலாம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஓப்பன் சோர்ஸில் பிழைக்கிறவனுக்கு இது பெரிய விஷயம். அதில் முப்பது பக்கத்துக்குச் சுருக்கித் தமிழில் எழுதி, இருபது முகத்தை எடுத்துவிட்டுத் தாயக்கட்டையைப் போட்டேன். காட்பாடி ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு ஆறு பிரதி. கட்டை உருண்டு மேசையை விட்டு ஓடாமல் இருக்க, விளிம்பு வைத்த தோல் தட்டு ஒன்றை ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற நண்பர், துண்டுத் தோலில் அரைமணி நேரத்தில் தைத்துக் கொடுத்தார். வெளிநாட்டில் டைஸ் ட்ரே என்று இதற்குத் தனி வியாபாரமே இருக்கிறது என்று படத்தைக் காட்டினேன். விலையைப் பார்த்துவிட்டு, "எத்தினி பீஸ் வேணும்?" என்றார்.

மிச்சம் இருந்தது மேசை. என் வீட்டில் வைக்க எனக்கு விருப்பமில்லை, காரணம் மேலே சொல்லியாயிற்று. ஆம்பூரில் பழைய கேரம் கிளப் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மூன்று பலகையில் ஒன்று தேய்ந்துபோய் மூலையில் சாத்திக் கிடக்கிறது. அதை ஒரு பெஞ்சின் மேல் போட்டால் ஆறு பேர் உட்காரலாம். நடத்துகிற அண்ணனிடம் போய்ப் பேசினேன். ஆட்டம் எவ்வளவு நேரம் என்றார். மூணு மணி நேரம். யார் ஜெயிப்பாங்க? யாரும் ஜெயிக்கமாட்டாங்க அண்ணே, கதை போயிட்டே இருக்கும். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பொம்பளப் பிள்ளைங்க வரலாமா என்று நானே கேட்டேன். "பகல்ல வெச்சுக்கோ, கதவ தொறந்து வெச்சுக்கோ, யார் வேணா வரட்டும்" என்றார். ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, தலைக்கு இருபது ரூபாய், டீ தனி. முதல் ஞாயிறு ஐந்து பேர் வந்தோம். மூன்றாவது ஞாயிறு ஒன்பது பேர், இன்னொரு ஜோடி தாயக்கட்டை வாங்க வேண்டியிருக்கிறது.